கோத்தகிரி மாதாந்திரச் செடி மாற்று: போகலாமா, எதை எடுத்துப் போகலாம்?

கோத்தகிரியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தோட்டக்காரர்கள் கூடிச் செடி மாற்றிக்கொள்கிறார்கள். பெயர்ப்பலகை இல்லை, சங்கப் பதிவு இல்லை. வருகிறவர்களில் ஒருவர் வீட்டுத் தாழ்வாரம்தான் இடம். அடுத்த மாதம் இன்னொருவர் வீடு. பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடிந்துவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. டீக்கும் வர்க்கிக்கும் ஆளுக்கு 30 ரூபாய் டப்பாவில் போட்டால் போதும். செடிக்காக மட்டும் போகிறவர் ஐந்துக்கு மூன்று மார்க் கொடுப்பார். வாங்கிய செடி ஏன் வாடுகிறது என்று கேட்க ஆள் இல்லாமல் தவிப்பவர் நாலரை கொடுப்பார். அந்த ஒன்றரை மார்க் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கணக்கு எளிது. கொண்டுவருகிறதற்குச் சீட்டு கிடைக்கும், அந்தச் சீட்டைக் கொடுத்து வேறு செடி எடுக்கலாம். வேர் பிடித்த செடி ஒன்றுக்கு இரண்டு சீட்டு. வேர் பிடிக்காத கட்டிங், அதாவது வெட்டிய தண்டு, மூன்றுக்கு ஒரு சீட்டு. டேலியா, கிளாடியோலஸ் கிழங்கு ஒன்றுக்கு ஒரு சீட்டு. முதல் தடவை வெறுங்கையோடு வருகிறவருக்கு இரண்டு சீட்டு இலவசம். ஒரே வகையில் நாலுக்கு மேல் வைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் மேசை முழுக்க ஸ்பைடர் பிளான்டும் மணி பிளான்டும்தான் இருக்கும். விதி இருந்தும் பாதி மேசை அப்படித்தான் என்பது வேறு விஷயம்.

சீட்டை விட முக்கியம் துண்டு லேபிள். பழைய கல்யாணப் பத்திரிகையை நாலாக வெட்டி எழுதியிருப்பார்கள். நல்ல லேபிள் ஒன்றின் மாதிரி இது: "ஃபியூஷியா, இரட்டை இதழ், வெள்ளையும் சிவப்பும். வெட்டியது ஆகஸ்ட் முதல் வாரம். 6,000 அடி, கிழக்குச் சரிவு, காலை வெயில் மட்டும். மூணு ஜோடி இலை வந்ததும் நுனி கிள்ளவும்." ரோட்டோர நர்சரியில் இதில் ஒரு வரிகூடக் கிடைக்காது. அங்கே வருகிற பூச்செடிகளில் பல கீழே சமவெளியில் நிழல்வலைக்குள் வளர்ந்து, பூத்த நிலையில் மேலே ஏறுகிறவை. மலைக்குளிரில் அவை முதல் மாதமே சுருண்டுகொள்ளும். லேபிள் உள்ள செடி எந்த உயரத்தில், எந்த மழையில் வளர்ந்தது என்பது எழுத்தில் இருக்கிறது. உயரம் 100 மீட்டர் கூடினால் சராசரி வெப்பம் 0.6 டிகிரி அளவுக்குக் குறையும். 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டிக்கும் சுமார் 1,800 மீட்டரில் இருக்கிற கோத்தகிரிக்கும் இரண்டரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வருவது இதனால்தான். இங்கே சுவரோரம் செழிக்கிற செம்பருத்தி, ஊட்டிப் பள்ளத்தில் ஜனவரி உறைபனியில் கருகிவிடும். குளிர்க்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரே ஊரில் மேட்டு வீட்டுத் தோட்டம் தப்பி, ஓடையோரத் தோட்டம் வெள்ளையாக உறைவது அதனால்.

இனி எதை, எப்படி எடுத்துப் போவது. இங்கே வீணாகிற கட்டிங்கில் பெரும்பகுதி கட்டிய விதத்தால் வீணாவதுதான். ஃபியூஷியாவையும் ஜெரேனியத்தையும் ஒரே ஈரத் துணியில் சுற்றி வருவார்கள். இரண்டுக்கும் நேர் எதிரான குணம்.

ஃபியூஷியாவுக்குப் பூக்காத நுனித்தண்டு வேண்டும். எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் நீளம், கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டு. மேலே இரண்டு ஜோடி இலை இருந்தால் போதும், மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். வெட்டியதும் ஈரச் செய்தித்தாளில் சுற்றி, நிழலில் வைத்து எடுத்து வரலாம். இலை ஒருமுறை தொங்கிவிட்டால் பாதி நிமிராது. வீட்டில் தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நட்டு, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் மூன்று நாலு வாரத்தில் வேர் வரும். ஹார்மோன் பவுடர் தேவையில்லை. டம்ளரைத் தினமும் ஒருதடவை தூக்கிக் காற்றுக் காட்டாவிட்டால் சாம்பல் பூசணம் ஏறும்.

ஜெரேனியத்தை இப்படி நனைத்துக் கட்டினால் போச்சு. அதே நீளத்தில் வெட்டி, வெட்டுவாயை ஒரு ராத்திரி நிழலில் காயவிட வேண்டும். தோல் கட்டிய பிறகு உலர்ந்த தாளில் சுற்றி எடுத்து வரலாம். நட்ட பிறகும் டம்ளர் கவிழ்க்கக் கூடாது. முதல் வாரம் தண்ணீரைக் குறைத்தே ஊற்ற வேண்டும். அடித்தண்டு கறுத்து, அந்தக் கறுப்பு மேலே ஏறுகிறதா? அது பித்தியம் என்ற அழுகல். மருந்து ஊற்றிக் காப்பாற்ற முயல்வது வீண். கறுப்புக்கு நல்ல உயரத்தில், பச்சையான நுனியை வெட்டிப் புதுக் கலவையில் நடுங்கள், பழைய கலவையைக் கொட்டிவிடுங்கள்.

மணல் பற்றி ஒரு வார்த்தை. ஆற்று மணல் இப்போது கிடைப்பதில்லை, எல்லாரும் எம்-சாண்ட்தான் போடுகிறார்கள். அதில் இருக்கிற கல்தூள் நாலு தண்ணீருக்கப்புறம் தொட்டிக்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். வாளியில் போட்டு, மேலே நிற்கிற தண்ணீர் தெளிவாகும் வரை நாலைந்து தடவை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். "கட்டிங் பிடிக்கவே மாட்டேங்குது" என்று வருகிறவர்களிடம் மேசைக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வியே மணலை அலசினீர்களா என்பதுதான்.

டேலியா கிழங்கில்தான் அதிக ஏமாற்றம். யாரும் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை, தெரியாமல் நடப்பது. கிழங்கு எவ்வளவு தடியாக இருந்தாலும், போன வருஷத் தண்டின் அடிப்பகுதி ஒரு விரல்கடையாவது அதோடு ஒட்டியிருக்க வேண்டும். கண் இருப்பது அந்தக் கழுத்தில்தான், கிழங்கில் இல்லை. கழுத்து முறிந்த கிழங்கு மண்ணுக்குள் மாதக்கணக்கில் அழுகாமல் கிடக்கும், முளைக்காது. சர்க்கரைவள்ளி நினைப்பில் தனிக் கிழங்கை வாங்கிப் போகிறவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. ஜனவரி, பிப்ரவரிக் கூட்டங்களில்தான் டேலியா நிறைய வரும். கண் வீங்கித் தெரிகிறதா என்று நகத்தால் மண்ணைத் தள்ளிப் பார்த்து வாங்குங்கள். பிரித்த வெட்டுவாயில் விறகுச் சாம்பலைத் தடவி, உறைபனி முடிந்த பிறகு மார்ச்சில் நடலாம். இலையில் மஞ்சளும் பச்சையும் கோடு கோடாக ஓடுகிற செடியின் கிழங்கை யார் கொடுத்தாலும் வேண்டாம். அது வைரஸ். கிழங்கோடு கிழங்காக வரும், அசுவினிப் பூச்சி வழியாகப் பக்கத்துச் செடிக்கும் போகும்.

கிளாடியோலஸ் கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனாலும், பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் வைத்துவிடுங்கள். புதிதாகத் தோண்டியது இரண்டு மூன்று மாதம் தூங்கும், பதற வேண்டாம். பொடிக் கிழங்கை ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் இந்த வருஷம் பூவை எதிர்பார்க்கக் கூடாது.

ஹைட்ரேஞ்சியா விஷயத்தில் மட்டும் நட்பு முறியாமல் இருக்க ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொட்டியில் ரோஸ் நிறத்தில் பூத்த செடியிலிருந்து கட்டிங் வாங்கிப் போய்த் தரையில் வைத்தால் நீலமாகப் பூக்கும். கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. நீலகிரி மண் புளிப்பு மண். புளிப்பைக் காட்டுகிற பி.ஹெச். எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5-க்குக் கீழே இருந்தால் மண்ணில் இருக்கிற அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறும், பூ நீலமாகும். 6.5-க்கு மேலே போனால் அலுமினியம் கட்டிக்கொள்ளும், பூ ரோஸ் ஆகும். ரோஸ்தான் வேண்டும் என்றால் தொட்டியில் வைத்து, கலவையில் டாலமைட் சுண்ணாம்புத் தூள் சேர்த்து வளர்க்க வேண்டும். வெள்ளை ரகம் எதற்கும் மசியாது, வெள்ளையாகவே இருக்கும்.

காய்கறி விதையில் பீன்ஸ், அவரை, பட்டாணி வாங்கலாம். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, தாய்ச்செடி போலவே வரும். கடையில் வாங்கிய ஹைப்ரிட் தக்காளியிலிருந்து எடுத்த விதையை ஆசையாகக் கொடுப்பார்கள். அதன் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகக் காய்க்கும். சந்தேகமானால் பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்து, குறைந்தது ஏழு முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை விதையுங்கள்.

இந்தக் கூட்டத்தின் பெரிய குறை மண். வேர் பிடித்த செடியை முக்கால்வாசிப் பேர் தோட்டத்து மண்ணோடு தொட்டியில் கொண்டுவருகிறார்கள். சமவெளியில் இது சின்ன விஷயமாக இருக்கலாம். நீலகிரியில் இல்லை. 1961-இல் இந்தியாவில் முதன்முதலாக உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது இந்த மலையில்தான். பிறகு கொடைக்கானல் பக்கமும் தெரியவந்தது. இங்கே விளைகிற விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை வந்ததும் இதற்காகத்தான். பாதித்த செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேரில் குண்டூசித் தலையை விடச் சின்னதாக மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் முட்டை நிறைந்த ஒரு பை. காய்ந்து பழுப்பாகி மண்ணில் உதிர்ந்த பிறகும் பல வருஷம் உயிரோடு கிடக்கும். உருளை, தக்காளி, கத்திரி வேரின் வாடை பட்டதும் பொரியும். ரோஜாத் தொட்டியின் ஒரு பிடி மண்ணிலேயே இது அடுத்த ஊருக்குப் போய்விடலாம். பூச்செடிக்கு ஒன்றும் ஆகாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. தோட்டத்தின் கீழ்ப்பாத்தியில் உருளைக்கிழங்கு போடுகிறவருக்குத்தான் அது வினை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மாற்றுக்கென்று வைக்கிற செடியை ஆரம்பத்திலிருந்தே நார்க்கழிவும் அலசிய மணலும் மண்புழு உரமும் கலந்த கலவையில் வளர்த்தால் பிரச்சினையே கிடையாது. உருளை, தக்காளி, கத்திரி நாற்றை மேசைக்கே கொண்டுவரக் கூடாது. இரண்டு விதியும் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் மண்ணோடு வந்தவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வருவதில்லை. இதற்காகவே ஒரு மார்க் குறைக்கலாம். மண்ணோடு வாங்க நேர்ந்தால், வீட்டுக்குப் போனதும் மண்ணை உதறி, வேரைப் பக்கெட் தண்ணீரில் அலசிப் புதுக் கலவையில் மாற்றுங்கள். உதறிய மண்ணையும் அலசிய தண்ணீரையும் காய்கறிப் பாத்திப் பக்கம் ஊற்றாமல், மண்ணைக் கொதிநீர் ஊற்றி அவித்துவிடுங்கள்.

இன்னொரு குறை, அழகுக்காகக் கொடுக்கப்படுகிற களை. வெள்ளை காலா லில்லியை இரண்டு கிழங்கு எடுத்துக்கோங்க என்று நீட்டுவார்கள். ஊட்டியைச் சுற்றி ஓடையோரச் சதுப்புகளைப் போய்ப் பார்த்தவர் அதை வாங்க மாட்டார். வாழைப்பழ வடிவில் காய்க்கிற பேஷன் ஃப்ரூட் கொடி சோலை மரங்களின் தலையிலேறி மூடிவிடும். மஞ்சள் செஸ்ட்ரம், ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்கிற புதர்ச்செடிகள் எல்லாமே ஒரு காலத்தில் யாரோ தோட்டத்துக்குக் கொண்டுவந்து, வேலி தாண்டிப் போனவைதான். உங்கள் வீட்டுக்குக் கீழே ஓடையோ சோலையோ இருந்தால் இந்தப் பட்டியலில் எதையும் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். கட்டிங் சுற்றுவதற்குச் சோலை மரத்துப் பாசியை உரித்து வருவதும் அதே ரகத் தப்பு. ஈரச் செய்தித்தாள் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மார்க் மூன்றுக்குக் கீழே போகாததற்குக் காரணம், தாழ்வாரத்தின் ஓரத்தில் போடுகிற சின்ன மேசை. நோய் பிடித்த இலையையோ கிளையையோ காகிதத்தில் மடித்து எடுத்துவந்து அங்கே வைக்கலாம். நாலைந்து மூத்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். படுக பாஷையும் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். இலையைத் தொடுவதற்கு முன்னாடி கேள்விதான் வரும்.

"வெயில் காலையிலயா, மத்தியானத்துக்கு மேலயாம்மா?"

"காலையிலதாங்க."

"பக்கத்துல புதுசா ஏதாச்சும் கட்டினீங்களா?"

கேள்வி எங்கே போகிறது என்று பாருங்கள். கொண்டுவந்தது கேமெலியா. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. புத்தகத்தைப் பார்த்தால் இரும்புச் சத்துக் குறைவு, நுண்ணூட்டம் தெளி என்று இருக்கும். ஆனால் இந்த மலையின் புளிப்பு மண்ணில் கேமெலியாவுக்கு இரும்பு குறைவது அபூர்வம். தேயிலைக்குச் சொந்தக்காரச் செடி அது. அப்படிக் குறைந்தால் மண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்க வேண்டும். புதுச் சுவர் கட்டும்போது கொட்டிய சிமென்ட் கலவையிலிருந்துதான் பெரும்பாலும் அது வரும். தெளித்தால் நாலு வாரம் பச்சையாகும், மறுபடி வெளுக்கும். செடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டி, சிமென்ட் கட்டிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, இலைமக்கும் தேயிலைத் தோட்டத்து மண்ணும் போட்டு நிரப்ப வேண்டும். அதே கேமெலியா மொட்டை மொட்டாக உதிர்த்தால் வேறு கேள்வி வரும்: ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் தண்ணீர் விட்டீர்களா? மழையில் கட்டிய மொட்டு, வேர் ஒருமுறை காய்ந்து மறுபடி நனைந்தால் நிற்காது.

இந்த மாதிரி பதிலைக் கடையில் வாங்க முடியாது. அரசுத் தோட்டக்கலைத் துறையின் விற்பனை நிலையங்களில் சுத்தமான, நம்பகமான நாற்று கிடைக்கிறது. பழமரக் கன்று வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும், இங்கே பதியன் போட்ட கொய்யாவை நம்பி வாங்காதீர்கள். ஆனால் விற்பனை மேசையில் இருப்பவருக்கு உங்கள் வீட்டுச் சுவர் எப்போது கட்டியது என்று கேட்க நேரம் இருக்காது. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சியில் ஆயிரம் தொட்டியைப் பார்க்கலாம், ஒன்றைக்கூட ஏன் இப்படி வந்தது என்று நின்று கேட்க முடியாது. தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஊட்டித் தாவரவியல் பூங்காவே இப்படி ஒரு கூட்டுச் சேர்க்கையில் முளைத்ததுதான். 1840-களில் அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் காய்கறி விலை கட்டுப்படியாகாமல், மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுப் பொதுவாக ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். சந்தா கட்டியவர்களுக்குக் காய் பிரித்துக் கொடுத்தார்கள். 1848-இல் தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் வந்து பூங்காவாக அமைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. நம் டப்பாவில் 30 ரூபாய் போடுகிறபோது அந்த மூன்று ரூபாய் ஞாபகம் வராமல் இருக்காது.

போகிறவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். வெளி மாவட்ட வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்; அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டாம், மேட்டுப்பாளையத்திலிருந்து நேர் பஸ் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை, கேரி பேக்கில் செடியைக் கொண்டுவராதீர்கள். அட்டைப் பெட்டியும் பழைய செய்தித்தாளும் போதும். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம்தான் கனமாக இறங்கும், நவம்பரில் கூட்டம் பெரும்பாலும் தள்ளிப்போகும். கிளம்புவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். சீக்கிரம் போய் நல்ல செடியைப் பிடிக்கலாம் என்று விடியும் முன்னே வந்து தேயிலைக் காட்டு வழியாகக் குறுக்கே நடக்காதீர்கள். அந்த நேரம் கரடிக்கும் காட்டெருமைக்கும் உரியது. பத்தரைக்குப் போனாலும் நல்லது இருக்கும். மூத்தவர்கள் தங்கள் நல்ல கட்டிங்கைப் பையிலிருந்து கடைசியில்தான் எடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புதுச் செடியைப் பழைய செடிகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தள்ளி வையுங்கள். ஐந்து நாளுக்கு ஒருதடவை இலையைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சி கணுவின் இடுக்கிலும், வெள்ளை ஈ இலையின் அடியிலும் இருக்கும். லேபிளைத் தூக்கி எறியாதீர்கள். அதன் பின்பக்கத்தில் வேர் பிடித்த தேதியையோ செத்த தேதியையோ எழுதி அடுத்த மாதம் எடுத்துப் போங்கள். கொடுத்தவர் வாசலிலேயே கேட்பார், "என்னாச்சு, நிமிந்துச்சா?"